தென்னந்தோப்பும் ஓலைக்குடிலும்: தாய்லாந்துத் தீவுகளில் நெடுந்தங்கலின் வரலாறு

தாய்லாந்தின் தீவுகளில் வேலை எதுவுமின்றி வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வழக்கத்தின் தொடக்ககால வடிவங்களுள் ஒன்று, மருத்துவத்தின் பெயரால் அமைந்தது. சாவோ பிரயா ஆற்று முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்ட இயலாத பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற கோ சிச்சாங் தீவில் ('கோ' என்பது தீவைக் குறிக்கும் தாய்லாந்துச் சொல்), கடற்காற்று உடலைத் தேற்றும் என்ற அக்கால நம்பிக்கையின்படி, மன்னர் சூலலங்கோன் 1880களின் இறுதியில் நோயுற்றோர் தங்குவதற்கென மூன்று இல்லங்களைக் கட்டுவித்தார். 1892இல் அங்கே அரண்மனைப் பணியும் தொடங்கியது. ஆனால் மறு ஆண்டே பிரெஞ்சுக் கடற்படை தீவைக் கைப்பற்றியதால் பணி கைவிடப்பட்டு, அங்கிருந்த தேக்குமர மாளிகையொன்று பிரித்தெடுக்கப்பட்டு பாங்காக்கில் விமன்மேக் மாளிகையாக மீண்டும் எழுந்தது. தீவுத் தங்கல் தண்டனையாகவும் இருந்ததுண்டு. அரசாங்கத்தை எதிர்த்து 1933ஆம் ஆண்டில் எழுந்த போவோரதேத் கிளர்ச்சிக்குப் பின் சிறைப்பட்ட சோ சேத்தபுத்ரா என்பவர், தருதாவோ தீவிலும் பின்னர் கோ தாவோ தீவிலும் அடைபட்டிருந்த காலத்தில், சிறையிலேயே தொடங்கியிருந்த ஆங்கில-தாய்லாந்து அகராதியைத் தொடர்ந்து தொகுத்தார். இன்று முக்குளிப்போர் கூடும் கோ தாவோவில் நெடுநாள் தங்கியோருள் அவரளவுக்குப் பொழுதைப் பயன்படுத்தியவர் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே.

ஆயினும் இன்று உலகம் அறிந்த தீவு வாழ்க்கை, அதாவது ஓலைக்குடில், வலை ஊஞ்சல், கணக்கில் எழுதிவைத்து உண்ணும் உணவு ஆகியவை சேர்ந்த வாழ்க்கை, அரண்மனையிலிருந்தோ சிறையிலிருந்தோ வந்ததன்று. அது தேங்காயிலிருந்து வந்தது. சூரத் தானி மாகாணத்தைச் சேர்ந்த கோ சமூய், ஏறத்தாழ 230 சதுர கிலோமீட்டர் பரப்புடன் நாட்டின் பெரிய தீவுகளுள் ஒன்றாகும். ஹைனான் தீவிலிருந்து வந்து குடியேறிய சீன வணிகர்கள் நாத்தோன் துறையில் மரத்தாலான கடைவீடுகளை எழுப்ப, உள்நிலம் முழுவதும் தென்னந்தோப்பாயிற்று. மரமேறுவதற்கு மனிதரைவிடப் பன்றிவால் குரங்குகளையே தோப்புக்காரர்கள் பெரிதும் நம்பினர். நீண்ட கயிற்றில் கட்டப்பட்ட குரங்கு காயைக் காம்பு அறும்வரை திருகித் திருகி வீழ்த்த, கீழே நிற்பவர் மட்டை உரித்து, பருப்பைக் காயவைத்துக் கொப்பரையாக்கிப் படகேற்றுவார். இந்த வழக்கத்தை விலங்குவதையெனக் கண்டித்து எழுந்த எதிர்ப்பினால் 2020இல் பிரித்தானிய அங்காடிகள் சில, தாய்லாந்துத் தேங்காய்ப் பொருள்கள் சிலவற்றை விற்பதை நிறுத்தின.

கொப்பரைப் பொருளாதாரத்தில் கடற்கரைக்கு மதிப்பு குறைவு. மண்வளமுள்ள உள்தோப்பு மூத்த பிள்ளைகளுக்குச் சென்றது என்றும், உப்புக்காற்று வீசும் மணற்கரை இளையவர்களுக்கோ பெண்மக்களுக்கோ ஒதுக்கப்பட்டது என்றும் தீவில் பரவலாகச் சொல்லப்படுகிறது. எல்லாக் குடும்பங்களிலும் இவ்வாறே நடந்திருக்க வேண்டியதில்லை; எனினும் பாகப்பிரிவினையில் ஏமாந்தவரே பிற்காலத்தில் செல்வரானார் என்னும் இக்கதையைத் தீவினர் சலிக்காமல் சொல்லிவருவதே, அந்த மாற்றம் அவர்களை எவ்வளவு வியப்பில் ஆழ்த்தியது என்பதைக் காட்டுகிறது. தீவைச் சுற்றிவரும் சாலை 1973இல்தான் நிறைவெய்தியது. அதற்குமுன் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்வோர் படகேற வேண்டும், இல்லையேல் மலைக்காட்டைக் கடந்து நடக்க வேண்டும்.

1970களில் தேங்காய்ப் படகுகளில் இடம் கேட்டு வந்திறங்கிய முதுகுப்பை இளைஞர்களைத் தீவினர் 'ஃபராங்' என்றனர். மேற்கத்தியரைக் குறிக்கும் இச்சொல்லும் தமிழின் 'பறங்கி'யும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. தமிழில் அப்பெயர் ஒரு காய்க்கு ஒட்டிக்கொண்டதுபோல், தாய்லாந்து மொழியில் அது கொய்யாவின் பெயராகவும் நிலைத்திருப்பது சுவையான ஒற்றுமை. வந்தவர்களுக்காக மணற்கரையில் எழுந்த குடிலின் பெயருக்கும் ஒரு பயணக்கதை உண்டு. வங்காளத்து வீட்டைக் குறித்த சொல் தமிழுக்கு வந்தபோது 'பங்களா' எனும் செல்வர் மாளிகையாயிற்று. தாய்லாந்தில் அதுவே 'பங்காலோ' ஆகி, மூங்கில் தட்டியும் ஓலைக்கூரையும் முன்புறத்தில் ஒரு சிறு திண்ணையும் கொண்ட ஒற்றை அறைக் குடிலாயிற்று.

அக்குடிலில் கழிந்த நாளைக் கூர்ந்து நோக்கினால், சோம்பல் என்று தோன்றுவதற்கும் ஒரு கால அட்டவணை இருந்தது புலனாகும். மின்கம்பி எட்டாத கரைகளில் பொழுது சாய்ந்தபின் சில மணி நேரம் மட்டுமே மின்னாக்கி ஓடியது. அது நின்றதும் மண்ணெண்ணெய் விளக்கும் கொசுவலையும் இரவை ஏற்றன. ஆகவே விருந்தினர் வெயிலோடு எழுந்து இருளோடு உறங்கினர். குளியல் என்பது தொட்டியிலிருந்து நீரை மொண்டு ஊற்றிக்கொள்வது. தோப்பு வேலை போக எஞ்சிய பொழுதில் குடிலுக்குரிய குடும்பமே சமைத்தது. உண்டவற்றைக் குடில் எண்ணுக்கு நேராக ஒரு நோட்டில் குறித்துவைத்துப் புறப்படும் நாளில் கணக்குத் தீர்ப்பது வழக்கம். வாடகை மிகக் குறைவாக இருந்த அக்காலத்தில் குடும்பத்துக்கு வருவாய் சேர்த்தது பெரும்பாலும் அந்த நோட்டே. வாழைப்பழ அப்பம் தீவுகளின் காலை உணவாக நிலைபெற்றதற்கு, தாய்லாந்துச் சமையல் மரபு அன்று, இந்தக் கணக்கே காரணம் எனலாம். கடிதம் எதிர்பார்ப்போர், எதிரெதிரே இரு நீள்பலகைகள் பொருத்திய 'சோங்தேவ்' எனப்படும் சிறுசரக்கு வண்டியில் ஏறி அஞ்சலகத்துக்குச் சென்று, தம் பெயருக்கு ஏதேனும் வந்து காத்திருக்கிறதா என்று கேட்டுத் திரும்ப, அந்த நாள் முடிந்துவிடும். உடலும் மனமும் தளர்வாக இருக்கும் நிலையைக் குறிக்கும் 'சபாய்' என்ற சொல்லை அவர்கள் முதலில் கற்றனர். விருந்தோம்பிய குடும்பத்தாரோ விடியுமுன் மட்டை உரிக்கத் தொடங்கியிருப்பர்.

தங்கலின் நீளத்தைக் காற்றும் தீர்மானித்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தமிழகத்துக்கு அடைமழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றே சமூயிலும் மழையைக் கொட்டுவதால், மேற்குக் கரையின் அந்தமான் கடல் அமைதியுறும் அம்மாதங்களில் நெடுநாள் தங்குவோர் அப்பக்கம் இடம்பெயர்வர். அம்மேற்குக் கரையில், பருவக்காற்றை நம்பிக் கலம் செலுத்திய தமிழ் வணிகர் நெடுங்காலம் முன்பே நிலைகொண்டிருந்தனர் என்பதற்கு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் வைத்ததாகக் கூறும் 9ஆம் நூற்றாண்டுத் தகுவாபா தமிழ்க் கல்வெட்டு சான்றாகும். காற்றின் கொடுமுகமும் இரு நாடுகளுக்கும் பொதுவானதே. 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் உருவாகிச் சும்போன் மாகாணத்தைச் சிதைத்த 'கே' சூறாவளி, தீபகற்பத்தைத் தாண்டி வங்கக் கடலில் மீண்டும் வலுப்பெற்று, சில நாள்களில் ஆந்திரத்தின் காவலி அருகே கரையைக் கடந்தது.

காற்றுக்கு அடுத்த எல்லையாக நுழைவிசைவு அமைந்தது. அனுமதி நாள் தீர்ந்ததும் தொடர்வண்டியேறிப் பினாங்கிலுள்ள தாய்லாந்துத் தூதரக அலுவலகத்துக்குச் சென்று புதிய முத்திரையுடன் திரும்புவது, தீவில் தங்கியவர்களின் வாழ்வில் ஒரு சடங்கைப்போல் ஆயிற்று. முன்விசைவு இல்லாமல் வருவோர் ஆறு மாதத்தில் 90 நாளுக்குமேல் தங்கலாகாது என்று 2006இல் கட்டுப்பாடு வந்தது; 2024இலோ, தொலைவிலிருந்து பணிபுரிவோர் உள்ளிட்டோருக்கு ஐந்தாண்டு செல்லுபடியாகி ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள் தங்க இடமளிக்கும் புதிய விசைவு அறிமுகமாயிற்று. வேலையை மறக்க வந்த தலைமுறையின் இடத்தில், வேலையை மடிக்கணினியில் சுமந்துவரும் தலைமுறை அமர்ந்தது.

இம்மாற்றத்தின் விதை 1989இல் விழுந்தது. அவ்வாண்டு பாங்காக் ஏர்வேஸ் நிறுவனம் சமூயில் தன் சொந்த விமான நிலையத்தைத் திறந்தபின், இரவுப் படகில் வந்து மாதக்கணக்கில் தங்கியவரோடு, ஒரு மணி நேரத்தில் பறந்துவந்து ஒரு வாரத்தில் திரும்புபவரும் பெருகினார். கரையோரக் குடில்கள் பல காங்கிரீட்டுக்கும் குளிர்சாதனத்துக்கும் இடம்விட்டன. கரையில் அருகிவரும் ஓலைக்கூரையின் தோற்றத்தை, சுவரற்றுத் திறந்து நிற்கும் அவ்விமான நிலையத்தின் கூடங்கள் இன்றும் தலையில் தாங்கி நிற்கின்றன.