ஊரில் துயரம், அயல்மண்ணில் திருநாள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருவீதியில், செட்டிபாளையத்தைக் கடந்து களுதாவளையை எட்டுமுன், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்துள்ளது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலும் புனித யூதா ததேயு திருத்தலமும் அங்கே உள்ளன. திருநாட்களுக்குக் குறைவில்லாத ஊர்.

சித்திரைப் புத்தாண்டு பிறக்கிறது. மருத்துநீர் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்த பிள்ளைகள் கைவிசேடம் பெறக் காத்து நிற்கிறார்கள். ஆனால், இவ்வட்டாரத்தின் பல வீடுகளில், கைவிசேடம் தரவேண்டிய கை ஊரில் இல்லை. அது ரியாத்திலோ குவைத்திலோ பிறர் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருக்கிறது. இலண்டனிலோ தொரொன்ரோவிலோ இரவு வேலை முடித்துத் தொலைபேசியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஊரில் தாய் நோயுற்றுக் கிடக்கும்போதும், தம்பியைக் காணவில்லை என்று செய்தி வரும்போதும், அங்கேயும் திருநாள் வருகிறது. கொண்டாடுவதா, விடுவதா?

இந்த வினாவை நம்மவர் பெரும்பாலும் தனிமனிதரின் மனச்சாட்சியைப் பார்த்தே கேட்கிறார்கள். ‘ஊர் எரிகையில் அவன் அங்கே பலகாரம் தின்கிறான்’ என்று ஏசுவோரும் உண்டு. தன்னைத்தானே ஏசிக்கொள்ளும் புலம்பெயர்ந்தோரும் உண்டு. இவ்வினாவைக் கேட்கவேண்டிய இடம் வேறு என்பது எமது கருத்து. வரலாற்றைப் பார்த்துக் கேட்டால் விடை வேறாக வருகிறது.

முதலில், துயரமும் திருநாளும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் எமது மண்ணுக்கு உரியதன்று. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் சடங்கு நிகழ்கிறது. கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. இறுதியில், எரிந்து நிற்கும் தாயின் சினத்தை ஆற்றும் குளிர்த்தி நிகழ்கிறது. யார் இந்தக் கண்ணகி? புகார் நகரம் இந்திரவிழாவில் திளைத்திருந்தபோது கணவனைப் பிரிந்து தனித்திருந்தவள். பின்னர், பிழைப்புத் தேடிச் சென்ற அயல் நகரிலே கணவனைப் பறிகொடுத்தவள். அவளுடைய துயரத்தையே எமது மக்கள் தமது பெருந்திருவிழாவாக ஆக்கிக்கொண்டனர்.

இழவு நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு பொங்கற்பானை ஏறாது என்பதும் எமது வழக்கமே. ஆனால் அவ்வீடு தனித்து விடப்படுவதில்லை. அயலவர் பலகாரம் கொண்டு வந்து கொடுப்பர். உறவினர் வந்து உடன் இருப்பர். திருநாளை நிறுத்துவதற்கும் நாலு பேர் வேண்டும். அயல்மண்ணில் இருப்பவருக்கு அந்த நாலு பேர் இல்லை. கொண்டாடினால் குற்றவுணர்வு, கொண்டாடாவிட்டால் வெறும் தனிமை என்னும் இரண்டில் ஒன்றே அவருக்கு எஞ்சுகிறது. இந்த நிலை எவ்வாறு வந்தது?

ஒப்பந்தக் கூலிமுறையின் வரலாற்றில் இதன் வேர் கிடக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து நம்மவரை ஏற்றிச் சென்று தென்னாபிரிக்காவின் நேட்டாலில் இறக்கிற்று. அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்த மக்களுக்கு மொகரம் முக்கிய விடுமுறையாயிற்று. இந்துக்களும் முஸ்லிம்களும் கூடியே அதைக் கொண்டாடினர். வெள்ளையரோ அதைக் ‘கூலிகளின் கிறிஸ்துமஸ்’ என்று இகழ்ந்தனர். எந்தச் சமயத்தவர் என்பதைவிட, வேலையற்ற ஒரு நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் காணலாம் என்பதே அம்மக்களுக்குப் பெரிதாக இருந்தது.

அவ்வாறு கூடுவதை ஆட்சியாளர் அஞ்சினர். மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டில் மொகரம் ஊர்வலங்கள் நகருக்குள் நுழையலாகாது என்று அரசு தடை விதித்தது. 1884 ஒக்டோபர் 30 அன்று தடையை மீறிச் சான் பெர்னாண்டோ நகரை நோக்கி நடந்த தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது; இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டை இழந்தவர் அயல்மண்ணில் திருநாள் கொண்டாடியது கேளிக்கை மட்டுமே எனின், அதற்கு எதிராகத் துப்பாக்கி எடுக்க வேண்டிய தேவை என்ன?

இலங்கையின் மலையகத்திலோ முதலாளிகள் வேறொரு வழி கண்டனர். கங்காணி மூலம் வந்த தமிழகத் தொழிலாளி, வந்த அன்றே கடன்காரன். அவனது கடனைக் குறித்த ‘துண்டு’ தீர்க்கப்படாமல் அவன் தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் கடன் ஒழியவில்லை. தீபாவளி முற்பணம் என்ற பெயரால் திருநாளே ஒரு கடனாயிற்று. ஒரு நாள் எண்ணெய்க்கும் துணிக்கும் வாங்கிய பணம், பின்வரும் மாதங்களின் சம்பளத்திலே கழிக்கப்படுகிறது. நாட்டிலிருந்து தாய் இறந்த கடிதம் வந்தால், கடல் கடந்து போய்வருவதற்கு அந்தத் தொழிலாளியிடம் பணமும் இல்லை, விடுப்பும் இல்லை.

மட்டக்களப்பின் கதை இதன் தொடர்ச்சியே. 1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளில் ஆட்தேவை பெருகிற்று. 1977 இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்து, வீடுகளை இடித்துத் தள்ளிற்று. அதன்மேல் 1983 முதல் போர். எமது பிரதேசத்தில் மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிக்க வேண்டும். மருமகன் வந்து வாழும் வீடு அது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு. தந்தை கொல்லப்பட்ட, வீடு எரிந்த குடும்பத்தில் அந்த வீட்டைக் கட்டுவது யார்? தாயோ மூத்த மகளோ விமானம் ஏறினாள். மகளுக்கு ஒரு வீடு எழும்ப, தாய் வீடற்றவளானாள்.

அவளை அங்கே கட்டிப்போடுவது ‘கஃபாலா’ என்னும் முறை. அவளுடைய வதிவிட உரிமை, வேலைகொடுப்பவரின் பொறுப்பில் இருக்கிறது. கடவுச்சீட்டை அவர் வாங்கி வைத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். சில நாடுகளில் நாட்டை விட்டு வெளியேறவும் அவருடைய அனுமதி வேண்டியிருந்தது. கட்டாரில் 2020 இல்தான் இந்த விதி வீட்டுப் பணியாளருக்கும் நீக்கப்பட்டது. அன்றைய துண்டுக்கும் இன்றைய கடவுச்சீட்டுக்கும் உள்ள உறவை நாம் விளக்கத் தேவையில்லை.

இதன் கொடுமையை 1990 ஆம் ஆண்டு முற்றாகக் காட்டிற்று. ஜூன் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில், தேற்றாத்தீவுக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள குருக்கள்மடத்தில், காத்தான்குடிக்குச் சென்றுகொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் வழிமறித்துக் கொன்றனர். அவர்களுள் மக்காவில் ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பியோரும் இருந்தனர். அயல்மண்ணில் பெருநாள் கண்டவர்கள் தம் வீட்டு வாசலைக் காணவில்லை. ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படை குவைத்தைக் கைப்பற்றிற்று. மறுநாள் இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் பிடித்துச் சென்ற தமிழர் திரும்பவேயில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானில், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர்.

அவ்வேளை குவைத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் இருந்தனர். பெரும்பகுதியினர் வீட்டுப் பணிப்பெண்கள். பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானின் முகாம்களை அடைந்தவர் பலர். கிழக்கிலிருந்து சென்றவளுக்கு இருந்த இடத்திலும் போர். திரும்ப வேண்டிய இடத்திலும் போர். ஒக்டோபரில் தீபாவளி வந்தது. கணவனும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியாமல் அந்த நாளைக் கடந்த பெண்களுக்கு அரசுகளின் போர்க்குறிப்புகளில் இடமில்லை. அவளைப் பார்த்து, ‘கொண்டாடினாயா?’ என்று கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மேற்கு நாடுகளுக்குச் சென்ற அகதிகளின் கட்டு வேறு வகை. தஞ்சம் கோரியவர் விண்ணப்பம் முடிவாகும்வரை ஊர் திரும்ப இயலாது; திரும்பினால் தஞ்சம் போய்விடும். தந்தையின் சிதைக்குத் தீ மூட்டாத மூத்த மகன்கள் அந்நாடுகளில் ஏராளம். 2009 ஏப்ரலில், முள்ளிவாய்க்காலை நோக்கி மக்கள் நெருக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தபோது, இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர் திரண்டு அமர்ந்தனர். ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு, அந்தத் தெருவிலேயே வந்து போயிற்று. மே 10 அன்று கனடா அன்னையர் தினம் கொண்டாடியபோது, தொரொன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் தமிழ்த் தாய்மார் தள்ளுவண்டிக் குழந்தைகளோடு இறங்கி நின்றனர். திருநாளை விட்டவர்களும் உண்டு, அதையே போராட்ட நாளாக மாற்றியவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, நத்தாருக்கு மறுநாள், ஆழிப்பேரலை எமது கரையை விழுங்கியபோதும், புலம்பெயர்ந்தோரின் கோயில்களும் தேவாலயங்களும் நிவாரணம் திரட்டும் இடங்களாயின. நேட்டாலின் தோட்டத்தில் ஒன்றுகூடிய அதே உணர்வுதான் இங்கும் தொழிற்படுவதைக் காண்கிறோம்.

இனி அரசைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12 அன்று, 5100 கோடி டொலர் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அறிவித்தது. மறுநாள், புத்தாண்டுக்கு முதல் நாள், வெளிநாடுகளில் வாழும் இலங்கையர் அந்நியச் செலாவணி அனுப்பி உதவுமாறு மத்திய வங்கியின் ஆளுநர் வேண்டுகோள் விடுத்தார். பிள்ளைகள் தாயிடம் கேட்கும் கைவிசேடத்தை அரசும் கேட்டது! 2024 இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 657 கோடி டொலர். நாட்டைத் தாங்கும் கைகளுள் இந்தப் பணிப்பெண்களின் கைகளும் உள்ளன என்பதை யார் மறுப்பர்? ஆனால் அரசு அவர்களை நடத்தியவாறு என்ன? 2013 இல் கொண்டுவந்த விதிகளால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தடுத்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளையின் தேவையா மாறிற்று? கருவூலத்தின் தேவை மாறிற்று.

ஆகவே, அயல்மண்ணில் தனித்திருந்து ஒரு பிடி அரிசியில் பொங்குபவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நாம் நிறுத்த வேண்டும். அவளது பொங்கல் ஊரை மறந்ததன் அடையாளமன்று. பெரும்பாலும் ஊரோடு அவளுக்கு எஞ்சியிருக்கும் தொடர்பே அதுதான். துயரத்தை உண்டாக்குவது அவள் ஏற்றும் அடுப்பன்று. துயரம் நேர்ந்தபோது வீட்டுக்கு வரும் உரிமையை அவளிடமிருந்து பறித்த கட்டே அதை உண்டாக்குகிறது.

அந்த உரிமை கற்பனைச் சரக்கன்று. சர்வதேசத் தொழில் நிறுவனம் 2011 இல் ஏற்ற 189 ஆம் இலக்கச் சமவாயம், வீட்டுப் பணியாளர் தம் பயண ஆவணங்களைத் தாமே வைத்திருக்கலாம் என்றும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் கூறுகிறது. இவற்றோடு, குடும்பத்தில் மரணமோ பேரிடரோ நேர்ந்தால் ஊர் வந்து திரும்ப ஊதியத்துடன் விடுப்பும் பயணச் செலவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தம் வகுப்பில் யாருடைய தாய் கடல் கடந்திருக்கிறாள் என்பதை அவர்கள் அறிவார்கள். அப்பிள்ளைகளுக்குத் தாய் ஏன் போனாள், ஏன் வர முடியவில்லை என்பதை வரலாறாகச் சொல்லிக்கொடுக்கட்டும். ‘அம்மா எங்களை விட்டுப் போய்விட்டாள்’ என்று வளரும் பிள்ளைக்கும், ‘அம்மாவை வரவிடவில்லை’ என்று அறிந்து வளரும் பிள்ளைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பின்னவர்களே அந்தக் கட்டை அறுக்கப் போகிறவர்கள்.