பறப்பதற்குத் தரை வேண்டும்

சேலத்திலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு அயோத்தியாப்பட்டணம் ஒரு பிரிவு. நேரே போனால் வாழப்பாடி, ஆத்தூர், அதற்கப்பால் உளுந்தூர்ப்பேட்டை. இடது கைப் பக்கம் திரும்பினால் அரூர். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிழக்கு வெளுப்பதற்கு முன்பே, அந்தப் பிரிவில் ஒரு டீக்கடை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஓர் ஆகாய விமானத்துக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

விமானம் ஒரு பழைய வேனில் வந்து சேர்ந்தது. பின்கதவைத் திறந்து காட்டினார்கள். உடல் ஒரு பக்கம், இறக்கைகள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் கட்டில் போர்வைகளில் சுற்றி, மழலையைத் தொட்டிலில் இட்டது போலக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு இறக்கையும் பூட்டினால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஏழரை அடி. எடை எட்டுக் கிலோ. மூக்கில் ஒரு பெட்ரோல் யந்திரம். ஒரு காலத்தில் நம் தெருக்களில் ஓடிய மொபெட்டின் யந்திரத்தைவிடச் சற்றுப் பெரியது. அமெரிக்காவில் பெரிய மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களின் சங்கம் ஒன்று, ஒற்றை அடுக்கு இறக்கை எண்பது அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அதைப் 'பெரியது' என்று ஒப்புக்கொள்ளுமாம். நம் சேலத்து விமானம் தொண்ணூறு அங்குலம்!

அதைச் செய்தவர் சேலத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர். அறுபதை எட்டியவர். இரண்டு வருஷம் இரவுகளில் உட்கார்ந்து செய்திருக்கிறார். கூட வந்தவள் அவருடைய மகள், பொறியியல் கல்லூரி மாணவி. விமானத்தை ஓட்டப் போகிறவள் அவள்தான். அப்பா ஏன் ஓட்டவில்லை என்பதைப் பிற்பாடு சொல்கிறேன்.

"ஏறுங்க சார். வெயில் ஏறுறதுக்குள்ள, காத்து கிளம்புறதுக்குள்ள பறந்துடணும்" என்றார் பட்டறைக்காரர்.

ஏறுவதற்கு முன்னால் கோதண்டராமர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அந்தக் கோயிலைப் பற்றி ஊர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வரும்போது ராமபிரான் இந்த இடத்துக்கு வந்ததும், பட்டாபிஷேகத்துக்குக் குறித்த வேளை நெருங்கிவிட்டதாம். அயோத்திக்குப் போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும். ஆகவே இங்கேயே தங்கிப் பட்டாபிஷேகக் காட்சி கொடுத்தாராம். அதனால் ஊருக்கு அயோத்தியாப்பட்டணம் என்று பெயர்.

வால்மீகி சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. பிரயாணம் முடிந்ததும் ராமன் புஷ்பக விமானத்தைப் பார்த்து, "நீ குபேரனிடமே திரும்பிப் போ" என்று கட்டளையிடுகிறான். ஆள் இல்லாமலே அது பறந்து போகிறது. அந்தக் காலத்திலேயே நம்மிடம் ரேடியோ விமானம் இருந்தது என்று சாதிக்க நான் வரவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆகாயத்தில் ஒரு பொருள் போக வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்று மட்டும் பார்க்கிறேன். அந்தப் புஷ்பகமும் இறங்குவதற்கு ஓர் இடம் தேடியது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

வேன் ஆத்தூர் சாலையில் போயிற்று. அரைமணி நேரம் சென்றதும் வலப்பக்கம் ஒரு மண்பாதையில் திரும்பி நின்றது. போன வருஷம் அவர்கள் பறக்கவிட்ட பொட்டல் அது. இப்போது அங்கே வரிசை வரிசையாக மஞ்சள் வண்ணம் பூசிய மனைக் கற்கள் முளைத்திருந்தன. ஒரு வளைவு, அதில் ஒரு நகரின் பெயர், உள்ளே ஒரு வீடுகூட இல்லை. பட்டறைக்காரர் இறங்கவில்லை.

"பறக்க வைக்கிறது கஷ்டமில்லீங்க சார். பறக்க வைக்கிறதுக்கு ஒரு தரை கிடைக்குது பாருங்க, அதான் கஷ்டம்" என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

இந்த வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், ஆகாயப் பிரயாணத்தின் சரித்திரமே தரை தேடி அலைந்தவர்களின் சரித்திரம்தான். ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்டால் என்பவர், குதித்து மிதப்பதற்குக் குன்று கிடைக்காமல், 1894இல் பெர்லினுக்குப் பக்கத்தில் தாமே மண்ணைக் கொட்டி ஒரு குன்று எழுப்பினார். அது போதாமல் தொலைவிலிருந்த ரைனோ குன்றுகளுக்கும் இறக்கைகளைச் சுமந்துகொண்டு போனார். அந்தப் பக்கத்துக் குன்று ஒன்றிலேதான் 1896 ஆகஸ்டில் விழுந்து அடிபட்டு, மறுநாள் உயிர் நீத்தார்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். எந்த ஊரில் காற்று நன்றாக அடிக்கும் என்று வானிலை இலாகாவைக் கேட்டு, 1900இல் ரயிலும் படகுமாக மாறி மாறிப் பிரயாணம் செய்து, கிட்டி ஹாக் என்ற மணல்வெளிக்குத் தங்கள் விமானத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1903 டிசம்பர் 17ஆம் தேதி முதல் தடவை பறந்தது பன்னிரண்டு விநாடி. தூரம் 120 அடி. அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு அவர்கள் நாலு வருஷம் வழிநடந்திருக்கிறார்கள். பிறகு 1904இல் ஊருக்கு எட்டு மைலில் ஒரு பாங்குக்காரரின் மேய்ச்சல் நிலம் கிடைத்தது. வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: பறப்பதற்கு முன்னால் மாடுகளையும் குதிரைகளையும் பத்திரமாக அப்பால் ஓட்டிவிட வேண்டும்! மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த மாட்டுப் பட்டியிலேதான்.

நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டாஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியில் விமானம் ஒன்றைச் செய்வித்து, 1910இல் பறக்கப் புறப்பட்டார். நகரத்துக்குள் சோதனை பார்க்க முடியுமா? பல்லாவரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. பிறகே தீவுத்திடலில் ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார்.

இவர்களெல்லாம் விமானத்தில் தாங்களே ஏறியவர்கள். ஏறாமல், தரையில் நின்றே அதை ஆட்டிவைக்கும் வித்தைக்கு இன்னொரு வேர் உண்டு. அதில் ஒரு நுனி நம் நாட்டிலே இருக்கிறது. 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், கம்பியே இல்லாமல், சுவர்களுக்கு அப்பால் இருந்த ஒரு மணியை அடிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். மூன்று வருஷம் கழித்து 1898இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, தொடாமலே திருப்பிக் காட்டினார். படகு வந்தாயிற்று, விமானத்துக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைப் பிள்ளைகள். ஒருவருக்கு விமானப் பைத்தியம், மற்றவருக்கு ரேடியோப் பைத்தியம். 1937இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இருவருமாகச் சேர்ந்து எட்டடி இறக்கை கொண்ட ஒரு விமானத்தை ரேடியோ மூலம் திருப்பிப் பறக்கவிட்டார்கள். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் சொத்து.

முதல் விமானமே எட்டடி என்பதைக் கவனியுங்கள். அந்த நாளில் ரேடியோவும் பாட்டரியும் அத்தனை கனம். சுமப்பதற்குப் பெரிய இறக்கை தேவைப்பட்டது. இன்றைக்குக் கருவி நகக்கண் அளவு வந்துவிட்டது. ஆனாலும் ஆசைக்காரர்கள் பெரிதாகவே செய்கிறார்கள். காரணம் உண்டு. சின்ன விமானம் ஈயைப் போல் வெடுக் வெடுக்கென்று பறக்கும். பெரியது பருந்தைப் போல் நிதானமாக வட்டமிடும். கண்ணை மூடித் திறந்தால் நிஜ விமானம் என்றே தோன்றும். அந்த ஒரு மயக்கத்துக்காகத்தான் வேன், போர்வை, விடியற்காலை எல்லாம்.

இப்படிப்பட்ட பொம்மையை யுத்தம் விட்டுவைக்குமா? ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி என்பவர் மாதிரி விமானக் கடை நடத்திவந்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய கம்பெனி, பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கென்றே ஆயிரக்கணக்கில் ரேடியோ விமானங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை ஒரு ராணுவப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். அவள்தான் பிற்பாடு மரிலின் மன்றோ.

அதே யுத்தம் நம் பக்கத்திலும் ஓர் அடையாளம் விட்டுப் போயிருக்கிறது. நாங்கள் போய்க்கொண்டிருந்த சாலை முடியும் உளுந்தூர்ப்பேட்டையில் அந்தக் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்திலும் அப்படி ஒன்று இருந்து, பிறகு மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. சண்டைக்கென்றால் எவ்வளவு சீக்கிரம் தரை கிடைத்துவிடுகிறது, பாருங்கள்!

சமாதான காலத்து ஆசைக்காரர்களுக்குத்தான் தடங்கல். 1933ஆம் வருஷத்துச் சட்டப்படி கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. இந்த விமானங்கள் இப்போது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 2014இல் ஆளில்லா விமானங்களைப் பொதுமக்கள் பறக்கவிடக் கூடாதென்று அரசாங்கம் தடுத்தது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் தேசப்படத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. பச்சையில் நானூறு அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. ஆகாயத்தை ஒருவாறு பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இது வீண் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் டால்பி என்ற ஊருக்குப் போயிற்று. எட்டாத இடத்திலிருந்து ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் கொண்டுவர வேண்டும் என்பது போட்டி. நம் பிள்ளைகள் இரண்டாம் இடம் பெற்றார்கள். மாதிரி விமானப் பிரியரான நடிகர் அஜித்குமார் அவர்களுக்கு ஆலோசகர். பொட்டலில் பழகிய கைதான் உயிரைக் காக்கும் கையாக மாறுகிறது.

ஆத்தூர் சாலையை விட்டு விலகி, கடைசியில் ஒரு வறண்ட ஏரிக்கு வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு வண்டியை உள்ளே இறக்கினார்கள். அந்தப் பெண் கைப்பேசியில் தேசப்படத்தைப் பார்த்து, "பச்சைதான் அப்பா" என்றாள். இறக்கைகளைக் குழாயில் செருகிப் பூட்டினார்கள். பட்டறைக்காரர் ஒவ்வொரு திருகையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பார்க்கவில்லை, தடவித்தான் பார்த்தார். சர்க்கரை வியாதி அவருடைய விழித்திரையைத் தின்றுவிட்டிருந்தது. முன்னால் இருப்பது நிழலாகத் தெரியும். ஆகாயத்தில் இருப்பது தெரியாது.

யந்திரம் உறுமிற்று. விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஐம்பது கஜம் ஓடி, எழும்பி, கரைப் பனைமரங்களுக்கு மேலே போய்த் திரும்பியது. கீழே அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து நின்றார். "இப்ப கவுத்துட்டியா கண்ணு?" என்றார். ஆமாம், அது தலைகீழாகத்தான் பறந்துகொண்டிருந்தது.

பத்து நிமிஷம் ஆயிற்று. இறக்க வேண்டிய நேரத்தில் ஏரிக்குள் ஓர் ஆட்டுமந்தை புகுந்துவிட்டது. இறங்கும் பாதை முழுவதும் ஆடு. பெட்ரோல் இன்னும் இரண்டு நிமிஷத்துக்குத்தான். பெண்ணின் முகம் வெளுத்தது. எட்டுக் கிலோ எடையும் சுழலும் விசிறியும் ஆட்டின் மேலோ ஆட்டுக்காரக் கிழவியின் மேலோ இறங்கினால் என்ன ஆகும்! "அப்பா, முள்ளுக்காட்டுல விட்டுடட்டுமா?" என்றாள். இரண்டு வருஷத்து இரவுகள்! அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆடு விலகலேன்னா விட்டுடு. விலகுற வரைக்கும் சுத்து" என்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயதை மறந்து ஓடினேன். கிழவி நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு குரல் கொடுத்தாள். மந்தை கரையேறியது. விமானம் யந்திரம் நின்று, சத்தமில்லாமல் மிதந்து வந்து, மண்ணைத் தொட்டு உருண்டு நின்றது. ரைட் சகோதரர்களின் மாடுகள் என் நினைவுக்கு வந்தன.

திரும்பி வரும்போது அவரிடம் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரின் கதையைச் சொன்னேன். அவருக்கு 77 வயது. கண் அநேகமாகப் போய்விட்டது, காதும் மந்தம். ஐந்து கிலோவுக்கு உட்பட்ட ஒரு விமானத்தைச் செய்து, 2003 ஆகஸ்டில் கனடாவின் கிழக்கு முனையான கேப் ஸ்பியருக்கு எடுத்துப் போய்ப் பறக்கவிட்டார். ஒரு காலன்கூட இல்லாத எரிபொருளில், தானே வழி பார்த்துக்கொண்டு, 38 மணி 52 நிமிஷத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அது அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கடற்கரையில் காத்திருந்த நண்பர் டேவ் பிரவுன் அதைப் பத்திரமாகத் தரையிறக்கினார்.

பட்டறைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கம் இறக்கறதுக்கு ஆளும் இருந்தாங்க, எடமும் இருந்துச்சு, இல்லீங்களா?" என்று கேட்டார்.

ஆள் அவருக்கும் இருக்கிறாள். முன் இருக்கையில் உட்கார்ந்து, அடுத்த மாசத்துக்கு ஒரு தரை தேடிக் கைப்பேசிப் படத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் அந்த ஏரியும் கிடையாது. மழை பெய்ய வேண்டாம் என்று சேலத்துக்காரன் எவனும் நினைக்க மாட்டான். அயோத்தியாப்பட்டணம் பிரிவில் என்னை இறக்கிவிட்டு வேன் போயிற்று. பின்கண்ணாடி வழியாகப் போர்வைக்குள்ளிருந்து ஒரு வால் நுனி மட்டும் தெரிந்தது.