முடிச்சும் காரமும் உலர்வும்: பிரெட்சல் நொறுக்குத்தீனியான வரலாறு

கி.பி. 610இல் இத்தாலியத் துறவி ஒருவர், செபங்களை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகளுக்குப் பரிசளிக்க, மிஞ்சிய மாவை முறுக்கிச் சுட்டாராம். நெஞ்சின் குறுக்கே கட்டிய கைகளைப் போல அந்த ரொட்டி அமைந்ததாம். பிரெட்சலைப் பற்றிய பிரபலமான எழுத்துகள் பெரும்பாலும் இந்தக் கதையோடுதான் தொடங்குகின்றன. அந்தத் துறவிக்குப் பெயர் இல்லை, மடத்துக்கு ஊர் இல்லை. ஏழாம் நூற்றாண்டு ஆவணம் எதையும் இதற்கு ஆதாரமாக யாரும் காட்டுவதில்லை. இன்னொரு கதை இதைவிடத் துணிச்சலானது. 1510இல் வியன்னா மதிலுக்கு அடியில் துருக்கியர் சுரங்கம் தோண்ட, விடியலுக்கு முன்பே அடுப்பு மூட்டியிருந்த ரொட்டிக்காரர்கள் அந்த ஓசையைக் கேட்டு நகரைக் காப்பாற்றினார்கள் என்கிறது அது. ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டதோ 1529இலும் 1683இலும்தான். தென்மேற்கு ஜெர்மனியின் பாட் உராக் ஊருக்கும் சொந்தக் கதை உண்டு. மரண தண்டனை பெற்ற ரொட்டிக்காரரிடம், சூரியன் மூன்று முறை ஊடுருவித் தெரியும் ரொட்டியைச் சுட்டால் உயிர்ப்பிச்சை என்றாராம் ஊர்ப் பிரபு.

ஒரு வாதத்துக்காக இவை மூன்றையும் நம்பினாலும், முடிச்சைப் போட்டது யார் என்பதற்கு மட்டுமே விடை கிடைக்கும். கோடிக்கணக்கானோர் அதைப் பையிலிருந்து அள்ளிக் கொறிக்கும் நிலை எப்படி வந்தது என்பதற்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை. அந்த விடையை வடிவத்தில் தேடுவது வீண். நோன்புக்கு உகந்த கொழுப்பில்லாத மாவு, அதன் மேற்பரப்பை மாற்றிய காரக்கரைசல், ஈரத்தைப் போக்கிய உலர்த்தல் ஆகிய மூன்றும்தான் பிரெட்சலைப் பரப்பின என்பது இக்கட்டுரையின் வாதம்.

வடிவத்தின் தொன்மைக்கு நல்ல சான்றுகள் உள்ளன. அல்சாஸ் பகுதியின் ஹோஹன்பர்க் கன்னியர் மடத்தில் ஹெர்ராட் என்ற தலைவியின் பொறுப்பில் உருவான 12ஆம் நூற்றாண்டு ஓவியச் சுவடி 'ஹோர்ட்டஸ் டெலிசியாரம்'. அதில் வரும் ஒரு விருந்துக் காட்சியில், மேசைமேல் பிரெட்சல் கிடக்கிறது. மூலச் சுவடி 1870இல் ஸ்ட்ராஸ்பர்க் முற்றுகையின்போது எரிந்துபோனது. அதற்கு முன்பே எடுத்துவைத்த நகல்கள் இல்லாவிட்டால் இந்தச் சான்றும் சாம்பலாகியிருக்கும். 1440ஐ ஒட்டித் தீட்டப்பட்ட, கிளீவ்ஸ் கேத்தரினின் செபநூலில், புனித பர்த்தலமேயு படத்தைச் சுற்றிய ஓரச் சித்திரமே பிரெட்சல்களால் ஆனது. ரொட்டிக்காரர் சங்கங்களும் இதைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டன. டென்மார்க்கில் இன்றும் பேக்கரி வாசலில் கிரீடம் சூடிய பிரெட்சல் தொங்குகிறது.

தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பன்றிக்கொழுப்பு எல்லாவற்றையும் திருச்சபை விலக்கி வைத்திருந்த காலம் அது. மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றோடு அடங்கிவிடும் ரொட்டிக்கு அந்த நாற்பது நாட்களில் போட்டியே இல்லை. லக்சம்பர்க்கில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு இன்றும் பிரெட்சல் ஞாயிறுதான். ஆனால் அங்கே பரிமாறப்படுவது இனிப்புப் பிரெட்சல், நோன்பின் கடுமை அதில் இல்லை. ஜெர்மனியின் பீபெராக் ஊரில் தவக்காலத்துக்கென்றே செய்யும் பிரெட்சலைக் காரத்தில் முக்குவதில்லை. அது வெளிறிய நிறத்தில் இருக்கும். ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. முடிச்சு வேறு, இன்று பிரெட்சல் என்றதும் நாவில் ஊறும் ருசி வேறு. பழைய ஓவியத்தில் முடிச்சு தெரிகிறது என்பதற்காக, அன்றைய ரொட்டியிலும் இன்றைய ருசி இருந்தது என்று முடிவுகட்ட முடியாது.

அந்த ருசியைத் தருவது காஸ்டிக் சோடா. தென்ஜெர்மனிய பேக்கரியில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். மாவை இரு முனைகள் மெலிந்தும் நடுப்பகுதி தடித்தும் இருக்கும்படி கயிறாக உருட்டுகிறார்கள். இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி ஒரு சுண்டு சுண்டினால் நடுப்பகுதி காற்றில் சுழன்று, கைகளுக்குக் கீழே முறுக்கு விழுகிறது. முனைகளைத் தடித்த வளைவின்மேல் அழுத்தி ஒட்டுவதோடு சேர்த்து எல்லாம் ஓரிரு நொடி வேலை. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு காஸ்டிக் சோடா கலந்த நீரில் அதை முக்கி எடுக்கிறார்கள். கரைசல் தோலைப் பொசுக்கக்கூடியது. மாவின் மேற்புறத்து மாவுச்சத்தை அது பசைபோல ஆக்குகிறது. பரல் உப்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. அடுப்புச் சூட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறும் வினை காரச் சூழலில் வேகமெடுப்பதால்தான் அந்தப் பளபளப்பும் லேசான கசப்பும். எஞ்சும் காரம் அடுப்பிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகிவிடுகிறது. உண்பவருக்குக் கெடுதல் இல்லை. அப்பளத்துக்குக் காரம் சேர்க்கும் கைகளுக்கு இந்த நுட்பத்தின் அருமை சொல்லாமலே புரியும்.

1839இல் மியூனிக் நகரில் ஓர் உணவக ஊழியர் சர்க்கரை நீருக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் காரநீரைத் தவறுதலாகத் தடவியதில் இது பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. அதையும் மற்றக் கதைகளோடு வைப்பதே நியாயம். காரத்தின் பயன் நிலைபெற்ற பிறகு ஊருக்கு ஊர் வழக்கங்கள் பிரிந்ததுதான் உறுதியாகத் தெரியும் வரலாறு. ஸ்வாபியப் பிரெட்சலின் கைகள் மெலிந்து மொறுமொறுப்பாக இருக்கும், வயிற்றுப் பகுதியைக் கத்தியால் கீறிவிடுவார்கள். பவேரியாவில் கைகள் தடித்திருக்கும், மேற்புறம் அடுப்பில் தானாக வெடிக்கவேண்டும். பவேரியப் பிரெட்சலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் வழங்கியது.

ஆனால் இந்த மென்மையான பிரெட்சல் காலையில் சுட்டு மாலைக்குள் தின்னவேண்டியது. மறுநாள் சவசவத்துவிடும். ரொட்டி நொறுக்குத்தீனியாக மாறவேண்டுமானால் ஈரம் போகவேண்டும். அந்த மாற்றம் பெரிய அளவில் நிகழ்ந்தது பென்சில்வேனியாவில். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள் கொண்டுவந்த கைத்தொழிலை, லிட்டிட்ஸ் ஊரில் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் 1861இல் தனி வணிகமாக நிறுவினார். அமெரிக்காவின் முதல் வணிகப் பிரெட்சல் பேக்கரி என்று இதையே சொல்கிறார்கள். சுட்ட பிரெட்சலைக் குறைந்த சூட்டில் மீண்டும் நெடுநேரம் உலர்த்தினால் ஈரப்பதம் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அப்படி உலர்ந்தது வாரக்கணக்கில் கெடாது, பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பலாம். கொழுப்பில்லாத மாவு என்பதால் சிக்கு வாடைக்கும் இடமில்லை. தவக்காலத்துக்கு உதவிய அதே குணம் இங்கே சரக்குப் போக்குவரத்துக்கு உதவியது.

சரக்கு போய்ச் சேர்ந்த முக்கிய இடங்களில் ஒன்று மதுக்கூடம். உப்பு தாகத்தைத் தூண்டும், தாகம் பியரைக் கேட்கும். 1920இல் மதுவிலக்கு வந்து அந்தக் கதவு அடைபட்டது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஈரம் புகாத செல்லோஃபேன் தாள் சந்தைக்கு வந்தது. மளிகைக்கடை அலமாரியில் மொறுமொறுப்பு மாறாமல் காத்திருக்கும் தின்பண்டத்துக்கு அப்படியொரு உறை தேவைப்பட்டது. 1933இல் விலக்கு நீங்கி மதுக்கூடங்களும் திறந்தன. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1935இல், ரெடிங் நகரிலிருந்து தானியங்கிப் பிரெட்சல் இயந்திரம் வெளிவந்தது. தேர்ந்த தொழிலாளி நிமிடத்துக்கு 40 பிரெட்சல் முறுக்கினால் அது 245 முறுக்கியது. 610ஆம் ஆண்டுத் துறவிக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, பல தலைமுறைகளாக மேசைமுன் நின்று முறுக்கிய அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. கூலிக் கணக்குகள், தொழிற்சாலைப் பதிவேடுகள், இயந்திரக் காப்புரிமைகள் ஆகியவற்றிலிருந்து எழுதப்படவேண்டியது அவர்களுடைய வரலாறு.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் கொழுப்பைக் கண்டு மிரண்டபோது, உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாற்றாகப் பிரெட்சல் பை கைக்கு வந்தது. விற்பனை ஏறியது. அதற்காகச் செய்முறையைப் பெரிதாக மாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. கொழுப்பு முதலிலிருந்தே அதில் மிகக் குறைவு. விளம்பரம் அந்தப் பழைய குணத்தைப் புதிய நோன்பாளிகளிடம் எடுத்துச் சொன்னது, அவ்வளவே.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு போக்கு வளர்ந்தது என்பதை மறைக்கலாகாது. பிலடெல்பியா தெருக்களில் மென்மையான பிரெட்சலுக்கு ஏற்கெனவே நீண்ட வாழ்வு இருந்தது. 1988இல் டவுனிங்டவுன் சந்தையில் ஆன் பைலர் தொடங்கிய 'ஆன்ட்டி ஆன்ஸ்' கடையோ, அடுப்பிலிருந்து எடுத்த பிரெட்சலை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, வணிக வளாகங்களில் வாசனையாலேயே கூட்டம் சேர்த்தது. முடிச்சு அதேதான், உலர்வும் இல்லை, கொழுப்புத் தவிர்ப்பும் இல்லை. ஆகவே இக்கட்டுரையின் வாதம் பையில் அடைத்த பிரெட்சலுக்கே முழுமையாகப் பொருந்தும். வணிக வளாகத்துப் பிரெட்சலின் வெற்றிக்குக் காரணத்தை வெண்ணெயிலும் சர்க்கரையிலும், கண்முன்னே சுட்டுத் தரும் அந்தக் கடை அமைப்பிலும்தான் தேடவேண்டும்.