அட்லாண்டாவின் எழுதப்படாத எல்லைகள்

ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில் மோர்லாந்து எனப்படும் சாலை, பான்ஸ் டி லியான் சாலையைக் கடந்து வடக்கே சென்றதும் பிரையர்கிளிஃப் ஆகிவிடுகிறது. கருப்பினத்தவர் வாழும் பகுதியின் தெருப்பெயர் தம் முகவரியில் இருப்பதை வடபகுதி வெள்ளையர் விரும்பாததே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது.

பள்ளி, பேருந்து, உணவகம் என எங்கும் இரு இனத்தாரையும் பிரித்துவைத்த ஜிம் குரோ சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்திலும், அன்றாட உறவுகளைப் பெரிதும் ஆண்டவை ஏட்டில் ஏறாத வழக்கங்களே. வயதில் மூத்த கருப்பினத்தவரையும் வெள்ளையர் வெறும் பெயர் சொல்லியே அழைத்தனர். 'மிஸ்டர்', 'மிசஸ்' என்னும் மரியாதைச் சொற்கள் அவர்களுக்குரியவையாகக் கருதப்படவில்லை. ரிச்ஸ் பல்பொருள் அங்காடி அவர்களுக்குக் கடனிலும் பொருள் விற்றது. ஆனால் அதே கட்டடத்தின் மக்னோலியா உணவறையில் அமர்ந்து உண்ண அவர்களுக்கு இடமில்லை. காசுக்கு நிறம் இல்லை, நாற்காலிக்கு உண்டு என்பதே அந்த வணிகத்தின் கணக்கு. 1960 அக்டோபரில் அங்கு அறப்போர் நடத்திய மாணவர்களுடன் மார்ட்டின் லூதர் கிங்கும் கைதானார்.

வெறுப்பதற்கு நேரமில்லாத நகரம் என்று மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்ட் காலத்தில் பெருமை பேசிய இந்நகரம், 1962 டிசம்பரில், கருப்பினத்தவர் தென்மேற்கிலுள்ள வெள்ளையர் குடியிருப்புக்குள் வீடு வாங்கி நுழைவதைத் தடுக்க, பெய்டன் சாலையில் தடுப்பு எழுப்பியது. 1963 மார்ச்சில் நீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்தபின் தடுப்பு அகற்றப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே அங்கிருந்த வெள்ளையருள் பெரும்பாலோர் வீடுகளை விற்றுவிட்டு வெளியேறினர்.