முதுகுத் தொட்டிலும் குடிப்பிறப்பும்

சரவாக்கின் பாராம் ஆற்றுப் பகுதியில் வாழும் கயான், கெஞா மக்கள் குழந்தையைச் சுமக்க முதுகுத் தொட்டில் ஒன்று செய்வர். ‘பா’ என்பது அதன் கெஞாப் பெயர். மரத்தாலோ பிரம்பாலோ அமைந்த அதன் வெளிப்புறத்தை நுண்ணிய பாசிமணிக் கோலம் அணிசெய்யும். அதில் தொங்கும் விலங்குப் பற்களும் சிப்பிகளும் தீய ஆவிகளை விரட்டும் என நம்பினர்.

பேச்சறியாக் குழந்தையின் குடிப்பிறப்பை அக்கோலமே பேசிற்று. முழு மனித உருவம் தலைமைக் குடிக்கே உரியது. அதற்கடுத்த நிலையினர் தலையுருவை மட்டும் அமைக்கலாம். பொதுமக்களுக்கு வளைவும் சுருளுமே எஞ்சின. புலியும் தலைவர்தம் சின்னமே. போர்னியோக் காடுகளில் புலி இல்லை என்பதை நினைத்தால் இது வியப்பன்றோ!

இவ்வரம்பை மீறினால் என்னாகும்? உரிமையற்றவர் அவ்வுருவைக் கோத்தால் ஆவிகள் சினந்து நோயும் சாவும் தரும் என்றனர். தன் பச்சிளங் குழந்தையைப் பணயம் வைக்க எந்தத் தாய் துணிவாள்? ஏற்றத்தாழ்வைக் காக்கக் காவலரே வேண்டியதில்லை, தாயன்பே காவலாயிற்று. கொடுமையான ஏற்பாடுதான்.

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் கிறித்துவம் பரவ, அவ்வச்சம் தளர்ந்தது. 1969-இல் ஒராங் உலு தேசியச் சங்கம் தோன்றியது. ‘மேலாற்று மக்கள்’ எனப் பொருள்படும் அப்பெயரின்கீழ்ப் பல குடிகள் ஒன்றுகூடின. தம்முள் உயர்வு தாழ்வு காட்டிய கோலங்களையே, பிறரிடையே தம்மை அறிவிக்கும் பொது அடையாளமாகக் கொண்டனர். கூச்சிங் கடைகளில் மணி கோத்த தொப்பியும் பையும் வாங்குவோரிடம் இன்று எவரும் குடி கேட்பதில்லை.