தென் ஜார்ஜியா: துருவக் கடற்பயணம்

தென் ஜார்ஜியா தென் அட்லாண்டிக் பெருங்கடலில், ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து கிழக்கு-தென்கிழக்காக ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளி இருக்கும் மலைத்தீவு. நீளம் சுமார் 170 கி.மீ.; அகலம் எந்த இடத்திலும் 40 கி.மீ.யைத் தாண்டாது. நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடியிருக்கின்றன. மிக உயர்ந்த சிகரமான பேஜட் 2,900 மீட்டருக்கு மேல் கடலிலிருந்து நேராக எழுகிறது. பிரித்தானியாவின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியான இத்தீவுக்கு அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது. நிலையான குடிமக்கள் கிடையாது; கிங் எட்வர்டு பாயிண்டிலும் பேர்டு தீவிலும் உள்ள ஆய்வு நிலையங்களில் பணிபுரிவோர் மட்டும் முறைவைத்துத் தங்குகிறார்கள். விமான ஓடுதளமும் இல்லை. அறிவியலாளரானாலும் அதிகாரியானாலும் பயணியானாலும் கப்பலில்தான் வர வேண்டும்.

இங்கே வரும் பயணிகளில் பெரும்பாலோர் ஆய்வுப்பயணக் கப்பல் எனப்படும் சிறு கப்பல்களில் வருகிறார்கள். நூறு முதல் இருநூறு பேர் வரை ஏற்றும் இக்கப்பல்களுக்குத் துறைமுகம் தேவையில்லை. நங்கூரமிட்டு நின்று, ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகுகளில் பத்துப் பத்துப் பேராகக் கரையில் இறக்குவார்கள். கூடவே உயிரியலாளர்களும் வரலாற்றாளர்களும் வழிகாட்டிகளாக இருப்பார்கள். இந்த முறையைத் தொடங்கியவர் ஸ்வீடனில் பிறந்த லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1966-இல் அவர் பொதுமக்கள் குழு ஒன்றை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் சென்றார்; 1969-இல் இதற்கென்றே லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர் என்னும் சிவப்புக் கப்பலைக் கட்டுவித்தார். பின்னாளில் கை மாறிய அந்தக் கப்பல் 2007 நவம்பரில் தென் ஷெட்லாந்து தீவுகளருகே பனிக்கட்டி மோதி மூழ்கியது. அருகில் இருந்த கப்பல்கள் விரைந்து வந்ததால் 154 பேரும் உயிர் தப்பினர். துருவக் கடலில் தனியாகச் செல்லும் கப்பலுக்குப் பக்கத்துக் கப்பலே முதல் துணை என்பதை இத்துறையினர் அன்றிலிருந்து மறக்கவில்லை.

கடலும் கரையும்

தென் ஜார்ஜியாவில் இத்தனை உயிர்கள் குவிந்திருப்பதற்குக் காரணம் அதன் இருப்பிடம். அண்டார்க்டிகாவைச் சுற்றியோடும் குளிர்நீர் வடக்கிலிருந்து வரும் வெப்பம் மிகுந்த நீரைச் சந்தித்து அதன் அடியில் இறங்கும் எல்லைக்குத் தெற்கே இத்தீவு இருக்கிறது. அந்தக் குளிர்நீரில் கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிரி பெருந்திரளாக வாழ்கிறது. பெங்குவின், சீல், திமிங்கிலம், கடற்பறவை எல்லாமே ஏதோ ஒரு வழியில் அதை நம்பித்தான் இருக்கின்றன. நீர் இவ்வளவு குளிர்ந்தும், தீவைச் சுற்றியுள்ள கடல் குளிர்காலத்தில் முழுவதுமாக உறைவதில்லை. அதனால் ஆண்டு முழுவதும் கரையிலிருந்து கடலுக்கு இரை தேடிப் போய்வர முடிகிறது. கடலில் தீனி ஏராளம்; முட்டையிடவும் குட்டி போடவும் ஏற்ற கரையோ இந்தப் பெருங்கடலில் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்துதான் இங்குள்ள ஒவ்வொரு கடற்கரையையும் நெரிசலாக்கின்றன.

மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றைத் தீவின் நடுவிலுள்ள மலைத்தொடர் தடுக்கிறது. தென்மேற்குக் கரை அலையடித்துக் கிடக்கிறது. வடகிழக்குக் கரையில் ஒதுக்கமான விரிகுடாக்கள் உள்ளன. பயணிகள் இறங்கும் இடங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். ஆனால் இங்கும் பனியாறுகளின் மேலிருந்து திடீரெனக் கீழிறங்கும் காற்று சில நிமிடங்களில் கடலைக் கொந்தளிக்கச் செய்துவிடும். எனவே அன்றன்றைய திட்டத்தைக் கப்பல் தலைவரும் பயணக்குழுத் தலைவரும் காலையில்தான் உறுதிசெய்கிறார்கள். ஐந்து நாள் தீவைச் சுற்றியும் இரண்டே இடத்தில் இறங்கியவர்கள் உண்டு.

வழக்கமான பயணம் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் தொடங்கி, ஃபாக்லாந்து, தென் ஜார்ஜியா, அண்டார்க்டிகத் தீபகற்பம் ஆகியவற்றைத் தொட்டு, மூன்று வாரம் போல நீடிக்கும். ஃபாக்லாந்திலிருந்து தென் ஜார்ஜியாவுக்கு மட்டும் இரண்டு நாளுக்கு மேல் திறந்த கடல். அந்த நாட்களில் கப்பலின் பின்னால் அல்பட்ராஸ் பறவைகள் சிறகசைக்காமல் மிதந்து வருவதைத் தளத்தில் நின்று பார்ப்பது இப்பயணத்தின் தலையாய அனுபவங்களில் ஒன்று. கடற்குமட்டலுக்கு அஞ்சி அறைக்குள் படுத்துக் கிடப்பவர்கள் இதை இழக்கிறார்கள்.

வேட்டைக் காலம்

1775 ஜனவரி 17 அன்று கேப்டன் ஜேம்ஸ் குக் இங்கே இறங்கி, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். தெற்குக் கண்டத்தின் முனை இது என்று நம்பியிருந்தவர், தென்கோடியை அடைந்ததும் வெறும் தீவு என்று கண்டு அந்த முனைக்கு 'ஏமாற்ற முனை' என்று பெயரிட்டார். நிலத்தைப் பற்றி அவர் நல்லதாக எதுவும் எழுதவில்லை. சீல்கள் நிறைய இருப்பதாக எழுதினார். அது போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே பிரித்தானிய, அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1800-01 பருவத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த எட்மண்ட் ஃபானிங்கின் கப்பல் ஒன்று மட்டும் 57,000 உரோமச் சீல் தோல்களை ஏற்றிச் சென்றது. 1820களில் சீல் வேட்டைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் வெடல் கணக்கிட்டபோது தீவிலிருந்து குறைந்தது 12 லட்சம் தோல்கள் போயிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இனமே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது.

சீல் முடிந்ததும் திமிங்கிலம். 1904 நவம்பரில் நார்வே நாட்டவரான கார்ல் அன்டன் லார்சன் க்ரித்விக்கன் என்னும் விரிகுடாவில் முதல் திமிங்கில ஆலையை நிறுவினார். லீத், ஸ்ட்ரோம்னஸ், ஹுஸ்விக் முதலிய நிலையங்கள் பின்னர் வந்தன. 1960களின் நடுவில் கடைசி ஆலை மூடப்படும் வரை இத்தீவில் வெட்டப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,250. விற்பனைக்கு எண்ணெய் எடுக்க இத்தனை உயிர்கள். ஆலைகள் மூடியதற்குக் காரணம் இரக்கமில்லை. பிடிக்கத் திமிங்கிலம் மிஞ்சவில்லை. துருப்பிடித்த கொதிகலன்களும் எண்ணெய்த் தொட்டிகளும் க்ரித்விக்கனில் இன்றும் நிற்கின்றன. கல்நார் அபாயம் நீக்கப்பட்டதால் அங்கே மட்டும் பயணிகள் நடந்து பார்க்கலாம். லீத், ஸ்ட்ரோம்னஸ், ஹுஸ்விக் நிலையங்களின் அருகே செல்லத் தடை உள்ளது. ஆலை மேலாளரின் பழைய வீட்டில் அருங்காட்சியகம் இயங்குகிறது. 1913-இல் திறக்கப்பட்ட மரத்தேவாலயமும் ஓர் அஞ்சல் நிலையமும் அருகில் உள்ளன.

க்ரித்விக்கன் கல்லறையில் துருவ ஆய்வுப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தம்முடைய எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கிய பிறகு, 1916 ஏப்ரல் 24 அன்று எலிஃபண்ட் தீவிலிருந்து ஐந்து பேருடன் ஏழு மீட்டர் நீளமுள்ள ஜேம்ஸ் கெயர்டு படகில் புறப்பட்ட அவர், ஏறத்தாழ 1,500 கி.மீ. கடந்து மே 10 அன்று இத்தீவை அடைந்தார். ஆனால் கரையேறியது ஆளில்லாத தென்மேற்குப் பக்கம். திமிங்கில நிலையங்களோ மலைக்கு அப்பால் வடகிழக்கில். படகில் உடன் வந்த வோர்ஸ்லி, க்ரீன் இருவருடன், அதுவரை யாரும் கடந்திராத மலைகளை 36 மணி நேரத்தில் கடந்து ஸ்ட்ரோம்னஸ் நிலையத்தின் கதவைத் தட்டினார். எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் அந்த ஆகஸ்டில் மீட்கப்பட்டனர். 1922 ஜனவரியில் அடுத்த பயணத்துக்காக வந்தபோது க்ரித்விக்கனில் கப்பலிலேயே இறந்தார். மற்றக் கல்லறைகள் கிழக்கு நோக்கியிருக்க, அவருடையது தெற்கு நோக்கியிருக்கிறது.

திரும்பி வந்த உயிர்கள்

வேட்டைக்குப் பின் பேர்டு தீவில் எப்படியோ தப்பிய உரோமச் சீல்களின் ஒரு சிறு கூட்டம் 1930களில் கண்டறியப்பட்டது. அதிலிருந்துதான் உரோமச் சீல்கள் மறுபடி பெருகின. உலகிலுள்ள அண்டார்க்டிக் உரோமச் சீல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்று இங்கேதான் குட்டி போடுகின்றன. டிசம்பரில் ஆண் சீல்கள் இடம்பிடித்துச் சண்டையிடும்போது பல கடற்கரைகளில் மனிதர் கால்வைக்க முடியாது. தங்கள் எல்லைக்குள் வருபவரை அவை துரத்திக் கடிக்கும். திமிங்கிலங்களும் மெல்லத் திரும்புகின்றன. 2020-இல் பிரித்தானிய அண்டார்க்டிக் ஆய்வுக் குழு 23 நாட்களில் 55 நீலத் திமிங்கிலங்களைக் கண்டது. பல பத்தாண்டுகளாக ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே செய்தியாக இருந்த கடல் இது.

பயணிகள் முதலில் தேடுவது அரசப் பெங்குவின்களை. செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இணைகள் கூடுகின்றன. சாலிஸ்பரி சமவெளி அடுத்த பெரிய கூட்டம். இவை கூடு கட்டுவதில்லை. ஒரே முட்டையைக் கால்களின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடித் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கின்றன. குஞ்சு வளர ஓராண்டுக்கு மேல் ஆவதால், ஓர் இணை மூன்றாண்டில் இரண்டு குஞ்சுகளுக்கு மேல் வளர்க்க முடியாது. கோடையில் முட்டை, பழுப்பு உரோமம் மூடிய குஞ்சு, இறகு உதிர்க்கும் பெரியவை எல்லாம் ஒரே திடலில் கலந்து நிற்பது இதனால்தான். பெற்றோர் கடலுக்குப் போன குளிர்கால மாதங்களில் அந்தக் குஞ்சுகள் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து உயிர் பிழைக்கின்றன.

அலையும் அல்பட்ராஸின் நிலை வேறு. மூன்றரை மீட்டர் வரை சிறகு விரியும் இப்பறவை இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே முட்டை இடும். தொலைவான கடல்களில் மீன்பிடிக் கப்பல்கள் இழுக்கும், ஆயிரக்கணக்கான கொக்கிகள் கொண்ட நீள்தூண்டில்களில் இரையைக் கவ்வப் போய் மாட்டி மூழ்கிச் சாகிறது. 1990களில் தென் ஜார்ஜியாக் கடலிலும் ஆயிரக்கணக்கில் பறவைகள் இப்படி இறந்தன. தூண்டிலை இரவில் மட்டும் இறக்குவது, கனம் கட்டி விரைவாக மூழ்கச் செய்வது, இனப்பெருக்கக் காலத்தில் மீன்பிடியை நிறுத்துவது என்ற விதிகளால் அந்தச் சாவு ஏறக்குறைய இல்லாமலே போனது. 2012-இல் பத்து லட்சம் சதுர கி.மீ.க்கும் மேலான கடற்பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அல்பட்ராஸ் எல்லை மதித்துப் பறப்பதில்லை. மற்ற நாட்டுக் கப்பல்கள் மீன்பிடிக்கும் கடல்களில் அது இன்னும் சாகிறது.

வேட்டைக் கப்பல்களில் வந்திறங்கிய எலிகள் செய்த கேடு இருநூறு ஆண்டு நீடித்தது. தரையில் வளைதோண்டி முட்டையிடும் பெட்ரல்களும், தீவின் ஒரே பாடும் பறவையான தென் ஜார்ஜியா நெட்டைக்காலியும் எலியில்லாச் சிறு தீவுகளுக்கு ஒதுங்கின. எலிகளை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போகவிடாமல் தடுத்தவை பனியாறுகள். புவி வெப்பத்தால் அவை பின்வாங்கத் தொடங்கியதால், தாமதித்தால் தீவு முழுதும் எலிகள் ஒன்று சேர்ந்துவிடும், பிறகு ஒழிக்கவே முடியாது என்ற நிலை. தென் ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை 2011, 2013, 2015 ஆண்டுகளில் ஹெலிகாப்டர்கள் மூலம் சுமார் 300 டன் நச்சு இரையைப் பகுதி பகுதியாகத் தூவியது. மோப்ப நாய்களைக் கொண்டு தேடிப் பார்த்தபின், 2018 மே மாதம் தீவு எலியற்றது என்று அறிவிக்கப்பட்டது. உலகில் இதுவரை நடந்த மிகப் பெரிய எலி ஒழிப்புப் பணிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. நார்வேக்காரர்கள் இறைச்சிக்காகக் கொண்டுவந்து பெருகிய கலைமான்களும் இதே காலத்தில் அகற்றப்பட்டன. சில பருவங்களிலேயே நெட்டைக்காலி பெரிய தீவில் மீண்டும் பாடத் தொடங்கியது. இயற்கையைப் பாதுகாப்பதில் மனிதர் கையாலாகாதவர் என்று சொல்பவர்களுக்கு இதைவிட வலுவான பதில் தேட வேண்டியதில்லை.

விதிகளும் நோயும்

இந்த உழைப்பு வீணாகாமல் இருக்கத்தான் பயணிகளுக்கு அத்தனை கெடுபிடி. 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்குப் பயணிகளைக் கரையிறக்க அனுமதியில்லை. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக்கூடாது. உயிரினங்களிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; விலங்கு தானாக அருகே வந்தால் மனிதர்தான் விலக வேண்டும். 1991-இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அண்டார்க்டிகச் சுற்றுலா இயக்குநர் சங்கம் இதையொத்த விதிகளை உறுப்பினர்கள் மீது விதித்துள்ளது. இறங்குமுன் ஒவ்வொருவரின் பூட்ஸ் இடுக்கிலும் சட்டைப் பையிலும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையிலும் விதை, மண், இறகு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தீவு அரசின் அதிகாரி கப்பலில் ஏறிச் சோதித்துத் தேர்ச்சி மதிப்பெண் இடுகிறார். தேறாவிட்டால் கரையிறக்கம் இல்லை. முள்கரண்டியால் ஒட்டுப்பட்டையைக் கிளறிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது பயணிக்குச் சலிப்புதான். ஒரே ஒரு விதை போதும், ஒரு புல்வகை அங்கே வேர்விட.

2023 அக்டோபரில் பேர்டு தீவின் ஸ்குவாப் பறவைகளில் கொடிய பறவைக் காய்ச்சல் உறுதியானது. அண்டார்க்டிக் வட்டாரத்தில் அதுவே முதல் பதிவு. விரைவில் யானைச் சீல்களுக்கும் உரோமச் சீல்களுக்கும் பரவியது. உலகின் தெற்கு யானைச் சீல்களில் ஏறத்தாழ பாதி இத்தீவில்தான் குட்டி ஈனுகின்றன. தாய் எதுவும் உண்ணாமல் மூன்று வாரம் பாலூட்டி, குட்டியை விட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்த மூன்று வாரத்தில் தாய்க்கு ஏதேனும் நேர்ந்தால் குட்டிக்கு வழியில்லை. 2022-க்கும் 2024-க்கும் இடையே தீவின் மூன்று பெரிய யானைச் சீல் கூட்டங்களில் ஈனும் பெண் சீல்களின் எண்ணிக்கை 47 விழுக்காடு குறைந்ததாக வான்வழிப் படங்களை எண்ணிய ஆய்வு 2025-இல் தெரிவித்தது. நோயைக் கொண்டுவந்தவை வலசைப் பறவைகள் என்றே கருதப்படுகிறது. ஆயினும் பயணிகளின் காலணி அதை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடத்தாதிருக்க, சில இடங்கள் மூடப்பட்டன. கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது என்ற விதியும் வந்தது.

பயணப் பருவம் அக்டோபர் இறுதி முதல் மார்ச் வரை. யானைச் சீல்களைக் காண விரும்புவோர் நவம்பர் தொடக்கத்துக்குள் போக வேண்டும். உரோமச் சீல் குட்டிகள் டிசம்பரிலும் ஜனவரியிலும். திமிங்கிலங்களுக்கு பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. செலவு மிகுந்த இந்தப் பயணத்துக்கு வாய்ப்புக் கிடைப்பவர்கள், சிறிய கப்பலையும் விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுங்கள். ஒரு கரையில் இறங்க முடியாது என்று வழிகாட்டி சொன்னால் வாதாடாதீர்கள்.