வணிக நீர்ச்சூடேற்றி

வணிக நீர்ச்சூடேற்றி என்பது தங்கும் விடுதி, உணவகம், மருத்துவமனை, முடிதிருத்தகம் போன்ற தொழிலிடங்களுக்கு வேண்டிய வெந்நீரை ஆக்கித் தரும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது கீசர் எனப்படும். இது இரு வகைப்படும். நீரை முன்கூட்டியே சூடாக்கிச் சேமித்து வைப்பது தொட்டிவகை ஆகும். குழாய் திறக்கப்படும்போது மட்டும் ஓடும் நீரைச் சூடாக்குவது தொட்டியில்லா வகை ஆகும். இது உடனடிச் சூடேற்றி என்றும் அழைக்கப்படும். ஒரு நிறுவனத்துக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதை, அது ஒரு நாளில் செலவிடும் வெந்நீரின் மொத்த அளவைக் காட்டிலும், ஒரே நேரத்தில் எவ்வளவு வெந்நீர் தேவைப்படுகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

இவ்விரண்டில் தொட்டியில்லா வகையே முந்தியது. 1868 இல் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் எரிவளியால் இயங்கும் உடனடிச் சூடேற்றி ஒன்றை அமைத்தார். ஐசுலாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரைத் தழுவி அதற்குக் கீசர் எனப் பெயரிட்டார். அதில் புகைபோக்கி இல்லாமையால் அது பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1889 இல் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் எட்வின் ரூட் தானியங்கித் தொட்டிவகைச் சூடேற்றியை உருவாக்கினார்.

செயல்படும் விதம்

தொட்டிவகையில் வெப்பக் காப்பிட்ட கலனுக்குள் மின் வெப்பக் கம்பியோ, கலனுக்கு அடியில் எரிவளி அடுப்போ இருக்கும். நீர் குறித்த வெப்பநிலையை அடைந்ததும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி சூடேற்றலை நிறுத்தும். நீர் ஆறியதும் மீண்டும் தொடங்கும். வெந்நீரை எவரும் பயன்படுத்தாத நேரத்திலும் கலனின் சுவர் வழியே வெப்பம் கசிந்துகொண்டிருக்கும். இது காத்திருப்பு இழப்பு எனப்படும்.

தொட்டியில்லா வகையில் நீரோட்டத்தை உணரும் கருவி ஒன்று உண்டு. நீர் ஓடத் தொடங்கியதும் அது வெப்பமூட்டியை இயக்கும். நீர் குறுகிய குழாய்களின் வழியே செல்லும்போது சூடாகிறது. இதில் காத்திருப்பு இழப்பு மிகக் குறைவு. வெந்நீர் தீர்ந்துபோவதும் இல்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் அது தரக்கூடிய நீரின் அளவுக்கு வரம்பு உண்டு.

தேவையைக் கணக்கிடல்

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 °செ உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோயூல் ஆற்றல் தேவை. இதைக் கொண்டு இரு வகைகளையும் ஒப்பிடலாம்.

எடுத்துக்காட்டாக, 20 அறைகள் உள்ள விடுதி ஒன்றில் 40 பேர் தங்கியுள்ளதாகவும், காலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் 40 °செ வெப்பநிலையில் 20 லிட்டர் நீரில் குளிப்பதாகவும் கொள்வோம். மொத்தத் தேவை 800 லிட்டர். குழாய்நீர் 25 °செ எனில், 60 °செ இல் சேமித்த நீரைத் தண்ணீருடன் கலந்து இதைப் பெற ஏறத்தாழ 343 லிட்டர் வெந்நீர் போதும். கலனில் உள்ள நீரில் சுமார் 70 விழுக்காடே சூடு குறையாமல் வெளிவரும் என்று கொண்டால், 500 லிட்டர் தொட்டி இதற்கு ஈடுகொடுக்கும். அத்தொட்டியை இரவில் 6 மணி நேரத்தில் சூடாக்க, இழப்புகளையும் சேர்த்து, சுமார் 4 கிலோவாட் திறன் போதுமானது.

இதே விடுதியில் தொட்டியில்லா முறையைப் பின்பற்றினால் நிலைமை மாறுகிறது. 8 குழாய்கள் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 6 லிட்டர் நீர் ஓடினால், 15 °செ உயர்வுக்கு ஏறத்தாழ 50 கிலோவாட் திறன் வேண்டும். உதகமண்டலம் போன்ற மலை நகரில் குழாய்நீர் 15 °செ ஆக இருக்குமாயின் இது சுமார் 84 கிலோவாட்டாக உயரும். குளிக்கும் நீரில் சேரும் ஆற்றல் இரு முறைகளிலும் ஒன்றே. தொட்டி அதை இரவு முழுவதும் சிறிது சிறிதாகப் பெறுகிறது. தொட்டியில்லாச் சூடேற்றி அதே நொடியில் பெற வேண்டியுள்ளது. எனவே மும்முனை இணைப்பு, தடித்த மின்கம்பிகள் ஆகியவற்றுக்கான செலவும் கூடுகிறது.

முடிதிருத்தகம் இதற்கு நேர்மாறானது. அங்கு ஒரு குழாயில் நிமிடத்துக்கு 3 லிட்டர் நீரை 15 °செ உயர்த்த 3 கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட திறன் போதும். இரவிலும் விடுமுறை நாளிலும் தொட்டியைச் சூடாக வைத்திருப்பது அங்கு வீண் செலவாகும்.

நலமும் பாதுகாப்பும்

1976 இல் பிலடெல்பியா விடுதி ஒன்றில் நடந்த மாநாட்டில் பரவிய நுரையீரல் நோய்க்குக் காரணமான பாக்டீரியா 1977 இல் கண்டறியப்பட்டு லெசியோனெல்லா எனப் பெயரிடப்பட்டது. அந்நிகழ்வுக்கு நீர்ச்சூடேற்றி காரணமன்று. எனினும் இந்தப் பாக்டீரியா வெதுவெதுப்பான தொட்டிநீரிலும் பெருகக்கூடியது. ஆகவே மின்செலவைக் குறைக்க எண்ணித் தொட்டியை 40 °செ இல் வைத்திருப்பது ஆபத்தானது. நீரை 60 °செ இல் சேமிப்பதே பரிந்துரைக்கப்படும் முறை. ஆனால் அந்நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். இதனால் குழாய்க்கு அருகே தண்ணீரைக் கலந்து வெப்பத்தைக் குறைக்கும் கலப்பு அடைப்பிதழ் பொருத்தப்படுகிறது. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இது மிக முதன்மையானது.

தொட்டியில் அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் காப்பு அடைப்பிதழ் இன்றியமையாதது. அதன் வாயை அடைத்தால் கலன் வெடிக்க நேரிடலாம். எரிவளிச் சூடேற்றியைக் காற்றோட்டம் இல்லாத குளியலறையில் பொருத்துதல் கூடாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு அங்கு சேர்ந்து உயிரைப் பறிக்கக்கூடும்.

பராமரிப்பு

கடினநீரில் உள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் சூட்டில் படிந்து காறையாகின்றன. தொட்டியில் இவை அடியில் தங்கி வெப்பம் கடத்தப்படுவதைக் குறைக்கும். தொட்டியில்லா வகையின் குறுகிய குழாய்கள் இதனால் விரைவில் அடைபடும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் இடங்களில் நீர் மென்மையாக்கியும், மென்னமிலம் கொண்டு காறை நீக்கலும் தேவைப்படும். எஃகுத் தொட்டி துருப்பிடிப்பதைத் தடுக்க அதனுள் வைக்கப்படும் மக்னீசியத் தண்டு தான் அரிந்து கலனைக் காப்பதால், அதை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

தேர்வு

பலர் ஒரே நேரத்தில் வெந்நீர் பயன்படுத்தும் விடுதி, மாணவர் இல்லம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்குத் தொட்டிவகை ஏற்றது. சிறிதளவு நீர் விட்டுவிட்டுத் தேவைப்படும் அலுவலகம், முடிதிருத்தகம் ஆகியவற்றுக்குத் தொட்டியில்லா வகை ஏற்றது. எரிவளி வசதியும் இடப்பற்றாக்குறையும் உள்ள உணவகத்தில் பல உடனடிச் சூடேற்றிகளை இணையாகப் பொருத்தலாம். ஒன்று பழுதுபட்டாலும் மற்றவை இயங்கும். சூரிய வெப்பத்தாலோ வெப்ப எக்கியாலோ நீரைச் சூடாக்க விரும்பும் நிறுவனத்துக்குத் தொட்டி பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. ஏனெனில் இவை வெப்பத்தை மெல்ல மெல்லவே சேர்க்கின்றன.

இரு வகைகளையும் இணைப்பதும் உண்டு. வெந்நீரால் கிருமிநீக்கம் செய்யும் பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் பலவற்றுக்கு இறுதி அலசலில் 82 °செ நீர் தேவை. இதற்காகத் தொட்டி முழுவதையும் அவ்வளவு சூடாக்காமல், 60 °செ நீரை இயந்திரத்துக்கு அருகிலுள்ள சிறு ஊக்கச் சூடேற்றி உயர்த்தித் தருகிறது.

இந்தியாவில் மின்சாரத் தொட்டிவகைக்கு ஐ.எஸ். 2082, மின்சார உடனடி வகைக்கு ஐ.எஸ். 8978 ஆகிய தரநிலைகள் உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

கொதிகலன்
சூரிய நீர்ச்சூடேற்றி
தன்வெப்பக் கொள்ளளவு
கடினநீர்